மாதத் தொகுப்பை அப்படியே படிப்பதா, பொருள்வாரியாகப் பிரித்துப் படிப்பதா? நடப்பு நிகழ்வுகள் குறித்த விவாத இழை

தாமிரபரணி:

அனைவருக்கும் வணக்கம். டிஎன்பிஎஸ்சி தொகுதி 2, தொகுதி 4 ஆகிய இரண்டு தேர்வுகளுக்கும் ஒருசேரப் படிப்பவர்களின் கருத்தை அறிய விரும்பி இந்த இழையைத் தொடங்குகிறேன். மாதம் பிறந்ததும் முந்தைய மாதத்தின் நடப்பு நிகழ்வுத் தொகுப்புகள் பிடிஎஃப் வடிவில் வரிசையாக வந்துவிடுகின்றன. அவற்றை அச்செடுத்து, கோடிட்டு, மாத இறுதியில் மாதிரித் தேர்வும் எழுதுகிறோம். ஆனால் ஓராண்டுத் தொகுப்புகளையும் ஒன்றாக வைத்துத் திருப்புதல் செய்யும்போது ஒரே செய்திக்கு மூன்று விடைகள் கிடைக்கின்றன. தமிழ்நாட்டின் ராம்சார் தலங்கள் (பன்னாட்டுச் சிறப்புடையவையாக ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்க்கப்பட்ட ஈரநிலங்கள்) 16 என்று 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வந்த தொகுப்பு சொல்கிறது. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத் தொகுப்பு 18 என்கிறது. பிப்ரவரி 2025 தொகுப்பு 20 என்கிறது. மூன்றும் அந்தந்த மாதத்தில் சரியானவையே. ஆயினும் தேர்வு அறையில் நினைவுக்கு வருவது நாம் அதிக முறை படித்த எண்தானே தவிர, கடைசியாக வந்த எண் அன்று. மாதவாரியாகப் படிக்கும் முறையே இந்தக் குழப்பத்துக்குக் காரணம் என்பது என் கருத்து. மற்றவர்கள் எவ்வாறு படிக்கிறீர்கள் என்பதைத் தயவுசெய்து விரிவாக எழுதுங்கள்.

வைகை வாசகன்:

மிகவும் தேவையான கேள்வி. மதுரையில் ஒரு நூலகத்தில் மாலை வேளைகளில் தேர்வர்களுக்குப் பாடம் சொல்லி வருபவன் என்ற முறையில் என் கருத்தைத் தெளிவாகவே சொல்கிறேன். மாதம் என்பது தொகுப்பை வெளியிடுபவரின் வசதிக்கான அளவு; செய்தி அந்த அளவுக்குள் பிறந்து அந்த அளவுக்குள் முடிவதில்லை. ஆகவே, தொகுப்பு எந்த மாதத்துடையதாக இருந்தாலும், அதில் உள்ள ஒவ்வொரு செய்தியும் நம்முடைய குறிப்பேட்டில் அதற்குரிய பொருளின் பக்கத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

ராம்சாரையே எடுத்துக்கொள்வோம். எங்கள் வகுப்பில் 'ஈரநிலங்கள்' என்று ஒரு பக்கம் உண்டு. அதன் மேற்பகுதியில் என்றும் மாறாத செய்திகள் பேனாவால் எழுதப்பட்டிருக்கும்: ஈரான் நாட்டின் ராம்சார் நகரில் 1971 பிப்ரவரி 2 அன்று உடன்படிக்கை கையெழுத்தானது, 1975இல் நடைமுறைக்கு வந்தது, இந்தியா 1982இல் இணைந்தது, பிப்ரவரி 2 உலக ஈரநில நாள். அதற்குக் கீழே, தமிழ்நாட்டுத் தலங்கள் சேர்ந்த வரிசை. 2002இல் கோடியக்கரை ஒன்று மட்டுமே. இருபது ஆண்டுகள் வேறு எதுவும் சேரவில்லை. 2022 ஜூலையில் கரிக்கிலி, பள்ளிக்கரணை, பிச்சாவரம் ஆகிய மூன்றும் சேர்ந்தன. அடுத்த மாதமே வேடந்தாங்கல், கூந்தன்குளம், வெள்ளோடு, உதயமார்த்தாண்டபுரம், மன்னார் வளைகுடா, வேம்பனூர், பிறகு சித்திரங்குடி, கஞ்சிரங்குளம், வடுவூர், சுசீந்திரம்–தேரூர் எனப் பத்துத் தலங்கள் சேர்ந்து எண்ணிக்கை 14 ஆனது. 2024இன் தொடக்கத்தில் அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டியும் நீலகிரியின் லாங்வுட் சோலையும் சேர்ந்து 16. ஆகஸ்ட் 2024இல் திருப்பூரின் நஞ்சராயன் குளமும் விழுப்புரம் மாவட்டத்துக் கழுவேலியும் சேர்ந்து 18. 2025 பிப்ரவரியில் இராமநாதபுரம் மாவட்டத்தின் சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் சேர்ந்து 20. அந்த 20 என்ற எண்ணை மட்டும் பென்சிலால் எழுதச் சொல்கிறோம், அடுத்த அறிவிப்பில் அது அழிக்கப்பட வேண்டியது என்பதால்.

இப்படி ஒரே பக்கத்தில் படித்தவர் மூன்று வகை வினாக்களுக்குத் தயாராகிறார். எண்ணைக் கேட்டால் சொல்வார். தலத்தையும் மாவட்டத்தையும் பொருத்தச் சொன்னால் பொருத்துவார். சேர்ந்த ஆண்டின்படி வரிசைப்படுத்தச் சொன்னாலும் தடுமாற மாட்டார். மூன்று தொகுப்புகளில் மூன்று தனித்தனி வரிகளாகப் படித்தவருக்கு முதல் வகை வினாவே சிக்கலாகிவிடுகிறது.

கயல்விழி:

வைகை வாசகன் ஐயா சொன்னதை நான் முழுமையாக ஏற்கிறேன். எண்ணிக்கை கூடுவது ஒரு வகை. செய்தியே திருத்தப்படுவது இன்னொரு வகை. இரண்டாவதுதான் ஆபத்தானது. 2023 ஆகஸ்ட் 11 அன்று மூன்று குற்றவியல் சட்ட மசோதாக்கள் மக்களவையில் அறிமுகமானபோது, பாரதிய நியாய சன்ஹிதாவில் 356 பிரிவுகள் என்றும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 533 பிரிவுகள் என்றும் அந்த மாதத் தொகுப்புகள் எழுதின. அவை அப்போது சரி. டிசம்பரில் அந்த மசோதாக்கள் திரும்பப் பெறப்பட்டு, திருத்தங்களுடன் புதிய மசோதாக்கள் கொண்டுவரப்பட்டு நிறைவேறின. சட்டமாக நின்றவற்றில் பிரிவுகள் முறையே 358, 531. பாரதிய சாக்ஷிய அதிநியத்தில் மட்டும் 170 மாறாமல் இருந்தது. நடைமுறைக்கு வந்த நாள் 2024 ஜூலை 1. ஆகஸ்ட் தொகுப்பைப் படித்து மனனம் செய்துவிட்டு, டிசம்பர் தொகுப்பை மேலோட்டமாகப் புரட்டியவர்களின் மனத்தில் இன்றும் 356தான் நிற்கிறது.

சேலம் ராஜி:

இருவருடைய கருத்தையும் மதிக்கிறேன். ஆனால் எனக்கு உடன்பாடு முழுமையாக இல்லை. நான் தனியார் நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே தொகுதி 4 தேர்வுக்குப் படிக்கிறேன். பேருந்துப் பயணத்திலும் இரவு சமையல் முடிந்த பிறகும் கிடைக்கும் நேரந்தான் எனக்கு. பொருள்வாரியாகக் குறிப்பேடு எழுதும் முறை முழுநேரமும் படிப்பவர்களுக்கு உகந்தது. எங்களைப் போன்றவர்களுக்கு, கையில் இருக்கும் தொகுப்பை அந்த மாதத்துக்குள் முடித்துவிட்டோம் என்ற நிறைவே தொடர்ந்து படிக்க வைக்கிறது. மேலும், தொகுதி 4 தேர்வில் 200 வினாக்களில் 100 தமிழ்ப் பகுதிக்கும் 25 திறனறிதலுக்கும் போய்விடுகின்றன. மீதமுள்ள 75 பொது அறிவு வினாக்களிலும் அறிவியல், வரலாறு, புவியியல், அரசியலமைப்பு எல்லாம் அடங்கியாக வேண்டும். அவற்றுள் நடப்பு நிகழ்வுகளுக்குக் கிடைக்கும் இடம் சிறியது. அந்தச் சிறிய இடத்துக்காகத் தனிக் குறிப்பேடு எழுதி நேரத்தைச் செலவிடுவதைவிட, அதே நேரத்தில் சமச்சீர்ப் பாடப்புத்தகத்தை இன்னொரு முறை படிப்பது அதிக மதிப்பெண் தரும் என்பது என் கணக்கு.

வைகை வாசகன்:

ராஜி அம்மா, உங்கள் கணக்கில் பெரும்பகுதி சரியானது. பாடப்புத்தகத்தை விட்டுவிட்டு நடப்பு நிகழ்வுகளில் மூழ்குபவர்களை நான் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். அவர்களை எண்ணி வருந்துகிறேன். ஆனால் நீங்கள் இரண்டையும் தனித்தனிப் பாடங்களாகக் கருதுகிறீர்கள். நான் சொல்லும் முறையில் குறிப்பேடு என்பது தனியாக ஒன்று அன்று. பாடப்புத்தகத்தின் ஓரத்திலேயே எழுதிவிடலாம். குடியரசுத் தலைவர், ஆளுநர் பற்றிய பாடம் இருக்கும் பக்கத்தில்தான் ஆளுநர் தொடர்பான தீர்ப்பும் இருக்க வேண்டும். அப்படி எழுதினால், பாடப்புத்தகத்தைத் திரும்பப் படிக்கும்போதெல்லாம் நடப்பு நிகழ்வும் சேர்ந்தே திருப்புதலாகிவிடும். பேருந்தில் தொகுப்பைப் படியுங்கள். வீட்டுக்கு வந்ததும், அதில் பாடத்தோடு ஒட்டும் செய்திகளை மட்டும் ஓரிரு வரிகளில் புத்தகத்தில் ஏற்றிவிடுங்கள். ஒட்டாதவற்றை விட்டுவிடலாம்.

நெல்லைச் சட்ட மாணவி:

ஆளுநர் தொடர்பான தீர்ப்பு என்று ஐயா குறிப்பிட்டதால் அதையே விரிவாக எழுதுகிறேன். ஒரே ஆண்டுக்குள் ஒரு செய்தி எவ்வளவு தூரம் நகரும் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

அரசியலமைப்பின் 200ஆம் பிரிவு, சட்டமன்றம் நிறைவேற்றி அனுப்பும் மசோதாவின் மீது ஆளுநர் என்ன செய்யலாம் என்பதைச் சொல்கிறது. ஒப்புதல் அளிக்கலாம், ஒப்புதலை நிறுத்திவைத்து மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம், குடியரசுத் தலைவரின் பரிசீலனைக்கு ஒதுக்கிவைக்கலாம். குடியரசுத் தலைவர் என்ன செய்யலாம் என்பது 201ஆம் பிரிவு. இவை பாடப்புத்தகச் செய்திகள். 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு, தமிழ்நாடு அரசு தொடுத்த வழக்கில், 142ஆம் பிரிவின் கீழ் உள்ள அதிகாரத்தைப் பயன்படுத்தி, 10 மசோதாக்கள் ஒப்புதல் பெற்றவையாகக் கருதப்படும் என்று தீர்ப்பளித்தது. ஒப்புதலுக்குக் காலவரம்பும் வகுத்தது. ஏப்ரல் மாதத் தொகுப்புகள் அனைத்தும் இத்துடன் நின்றுவிட்டன.

ஆனால் மே மாதத்தில் குடியரசுத் தலைவர் 143ஆம் பிரிவின்படி 14 கேள்விகளை எழுப்பி உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியலமைப்பு அமர்வு 2025 நவம்பர் 20 அன்று தன் கருத்தைத் தெரிவித்தது. ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் நீதிமன்றம் காலவரம்பு விதிக்க முடியாது என்றும், ஒப்புதல் பெற்றதாகக் கருதும் முறை அரசியலமைப்புக்கு உகந்தது அன்று என்றும் அது கூறியது. அதே வேளையில், காரணமின்றி நீண்ட காலம் முடிவெடுக்காமல் இருந்தால் நீதிமன்றம் வரையறுக்கப்பட்ட அளவில் தலையிடலாம் என்றும் கூறியது. ஆக, ஏப்ரல், மே, நவம்பர் ஆகிய மூன்று தொகுப்புகளையும் ஒருசேர வைத்தால்தான் இந்தச் செய்தி முழுமை பெறுகிறது. 'ஏப்ரல் தீர்ப்பின்படி' என்று தொடங்கும் கூற்றும் 'நவம்பர் 2025 கருத்தின்படி' என்று தொடங்கும் கூற்றும் ஒரே வினாவில் இடம்பெற்றால், எது எந்த அமர்வு சொன்னது என்பதைப் பிரித்தறிய வேண்டும்.

இதே பக்கத்தில் இன்னொன்றையும் சேர்த்துவிடுங்கள். அதே ஏப்ரல் மாதத்தில் மாநில சுயாட்சி குறித்து ஆராய, ஓய்வுபெற்ற நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் தமிழ்நாடு அரசு உயர்நிலைக் குழு அமைத்தது. 1969இல் அமைக்கப்பட்ட இராஜமன்னார் குழு, 1983இல் அமைக்கப்பட்ட சர்க்காரியா ஆணையம், 2007இல் அமைக்கப்பட்ட பூஞ்சி ஆணையம் என்ற வரிசையோடு இதைப் படித்தால், மத்திய–மாநில உறவுகள் என்ற பாடம் முழுவதும் ஒரே மூச்சில் திருப்புதலாகிறது.

கயல்விழி:

அருமையான விளக்கம், தோழி. மசோதா எண்ணுக்கும் சட்டத் திருத்த எண்ணுக்கும் உள்ள வேறுபாட்டையும் இந்த இழையில் பதிவுசெய்துவிட விரும்புகிறேன். மாதத் தொகுப்புகளால் மிக அதிகமாகக் குழம்புவது இந்த இடத்தில்தான். மகளிர் இடஒதுக்கீடு 2023 செப்டம்பர் 19 அன்று புதிய நாடாளுமன்றக் கட்டடத்தில் அறிமுகமானபோது அது 128ஆவது அரசியலமைப்புத் திருத்த மசோதா. குடியரசுத் தலைவரின் ஒப்புதலை அது செப்டம்பர் 28 அன்று பெற்றபோது 106ஆவது திருத்தச் சட்டமாயிற்று. சரக்கு மற்றும் சேவை வரிக்கும் இதே நிலை: மசோதா 122, சட்டம் 101. பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான 10 விழுக்காடு ஒதுக்கீட்டில் மசோதா 124, சட்டம் 103. நாடாளுமன்றத்தில் அறிமுகமாகும் எல்லாத் திருத்த மசோதாக்களும் நிறைவேறுவதில்லை. அதனால்தான் மசோதா எண் எப்போதும் முன்னால் ஓடுகிறது. காரணம் புரிந்துவிட்டால் எண்களைத் தனியாக நெட்டுருப்போட வேண்டியதில்லை. எது பெரியதோ அது மசோதா.

மகளிர் இடஒதுக்கீட்டுச் செய்தியும் 2023இல் முடிந்துவிடவில்லை. அந்தச் சட்டம் சேர்த்த 334ஏ பிரிவின்படி, சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு எடுக்கப்படும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் அதைத் தொடரும் தொகுதி மறுவரையறையையும் அடுத்தே ஒதுக்கீடு அமலாகும். ஆகவே 2025 ஜூன் 16 அன்று வெளியான கணக்கெடுப்பு அறிவிக்கை இந்தப் பக்கத்துக்கே வர வேண்டிய செய்தி. நாட்டின் பெரும்பகுதிக்கு 2027 மார்ச் 1 என்பதும், பனி மூடும் பகுதிகளுக்கு 2026 அக்டோபர் 1 என்பதும் அதில் குறிக்கப்பட்ட அடிப்படை நாள்கள். மக்களவைத் தொகுதி எண்ணிக்கையை 2026க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை உறைய வைத்த 84ஆவது திருத்தமும், தமிழ்நாட்டின் 39 தொகுதிகள் பற்றிய விவாதமும் இதன் தொடர்ச்சியே.

குமரி முனை:

தொல்லியல் செய்திகளுக்கும் இது பொருந்தும். இரும்பின் பழமை என்று வந்தால், 2022 மே மாதத் தொகுப்பில் கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறை, கி.மு. 2172 என்று இருக்கும். 2025 ஜனவரி 23 அன்று 'இரும்பின் தொன்மை' அறிக்கை வெளியான பிறகு, தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளை கி.மு. 3345 என்று முன்னுக்கு வந்துவிட்டது. சிவகளையிலேயே தாழியில் கிடைத்த நெல்லுமியின் காலம் கி.மு. 1155 என்று 2021இல் வெளியான செய்தியும் உண்டு. ஒரே ஊர், இரு பொருள்கள், இரு காலங்கள். கீழடியின் கி.மு. ஆறாம் நூற்றாண்டையும் சேர்த்து ஊர், மாவட்டம், பொருள், காலம் என நான்கு கட்டங்களில் எழுதிவைத்தால் பொருத்துக வினாவில் தவறு நேராது.

சேலம் ராஜி:

பாடப்புத்தகத்தின் ஓரத்திலேயே எழுதும் முறை எனக்கும் இயலும் என்று தோன்றுகிறது. இப்போது என் ஐயம் வேறு. தொகுப்பில் பாதிக்குமேல் நியமனங்கள், விருதுகள், முக்கிய நாள்கள் என நிரம்பியிருக்கின்றன. எவற்றை விட்டுவிடலாம்?

வைகை வாசகன்:

நாள்களைத் தனிப் பட்டியலாகப் படிக்கவே வேண்டாம். ஈரநில நாள் ராம்சார் பக்கத்தில் இருக்கிறது. ஆகஸ்ட் 23 தேசிய விண்வெளி நாள் என்பது 2023இல் அதே நாளில் சந்திரயான்-3 நிலவின் தென்துருவப் பகுதியில் தரையிறங்கியதோடு சேர்ந்தது. அந்தப் பக்கத்தில் மயில்சாமி அண்ணாதுரை, மு. வனிதா, ப. வீரமுத்துவேல் என மூன்று சந்திரயான் திட்டங்களின் இயக்குநர்களும் வரிசையாக இருப்பார்கள். நவம்பர் 26 அரசியலமைப்புப் பாடத்தின் முதல் பக்கத்திலேயே உள்ளது. இப்படி எந்தப் பாடத்திலும் ஒட்டாத நாளை நான் மாணவர்களுக்குச் சொல்வதில்லை.

நியமனங்களில் அரசியலமைப்புப் பதவிகளையும் ரிசர்வ் வங்கி ஆளுநர் போன்ற சில பதவிகளையும் மட்டும் வைத்துக்கொண்டு, நிறுவனத் தலைவர்களின் பட்டியலை விட்டுவிடுங்கள். விளையாட்டிலும் தமிழ்நாட்டோடு தொடர்புள்ளவற்றுக்கு முதலிடம் கொடுங்கள். 2022இல் மாமல்லபுரத்தில் நடந்த 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட், 2024இல் புடாபெஸ்டில் நடந்த 45ஆவது ஒலிம்பியாடில் இரு பிரிவுகளிலும் இந்தியா வென்ற தங்கம், அதே ஆண்டு டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரனை வென்று குகேஷ் உலகச் சாம்பியனானது ஆகிய மூன்றும் ஒரே பத்தி.

பொருளியல் நண்பன்:

ரெப்போ வட்டி விகிதத்தை, அதாவது ரிசர்வ் வங்கி பிற வங்கிகளுக்குத் தரும் குறுகிய காலக் கடனுக்கான வட்டியை, மட்டும் தயவுசெய்து யாரும் தனி எண்ணாகப் படிக்க வேண்டாம். 2023 பிப்ரவரி முதல் இரண்டு ஆண்டுகள் 6.50 விழுக்காட்டில் நின்றது. 2025 பிப்ரவரியில் 6.25, ஏப்ரலில் 6.00, ஜூனில் 5.50 என இறங்கியது. அதற்குப் பின் வரும் முடிவுகளை ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு வரியாகக் கீழே சேர்த்துவாருங்கள். இந்த விகிதத்தை முடிவுசெய்யும் நிதிக்கொள்கைக் குழுவில் 6 உறுப்பினர்கள், பணவீக்க இலக்கு 4 விழுக்காடு, கூடவும் குறையவும் 2 விழுக்காடு இடைவெளி என்பவற்றை அதே பக்கத்தின் மேலே எழுதிவிட்டால், விகிதம் ஏன் இறங்குகிறது என்பதும் புரியும்.

தாமிரபரணி:

அனைவருக்கும் நன்றி. மாநில அரசின் நலத்திட்டங்களை எங்கிருந்து சரிபார்ப்பது? தொகுப்புகளில் திட்டம் தொடங்கிய ஊரும் நாளும் அடிக்கடி மாறி வருகின்றன. குறிப்பாக, முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் மதுரையில் தொடங்கியது என்று ஒன்றும், திருக்குவளையில் தொடங்கியது என்று இன்னொன்றும் சொல்கின்றன.

நெல்லைச் சட்ட மாணவி:

செய்தி மக்கள் தொடர்புத் துறையின் செய்திக் குறிப்புகளும், சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கையின்போது துறைவாரியாக வைக்கப்படும் கொள்கை விளக்கக் குறிப்புகளும், நிதிநிலை அறிக்கை உரையும் தமிழிலேயே இணையத்தில் கிடைக்கின்றன. தொகுப்பில் ஐயம் வந்தால் அவற்றைத்தான் பார்க்க வேண்டும். மத்திய அரசின் திட்டங்களுக்குப் பத்திரிகைத் தகவல் அலுவலகத்தின் தமிழ்ப் பக்கம் போதும்.

காலை உணவுத் திட்டத்தைப் பொறுத்தவரை, நீங்கள் சொன்ன இரண்டு ஊர்களும் சரியானவை, கட்டங்கள் வேறு. 2022 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் மதுரையில் தொடக்கம். அப்போது 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகள். 2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையில், மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவு. 2024 ஜூலை 15, காமராசர் பிறந்தநாளில் திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில், ஊரகப் பகுதிகளின் அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவு. 2025 ஆகஸ்ட் 26 அன்று சென்னை மயிலாப்பூரில், நகர்ப்புறத்தின் அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு விரிவு. இந்த நான்கு வரிகளுக்கு மேலே 1920இல் நீதிக்கட்சிக் காலத்தில் சென்னை மாநகராட்சியின் ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கிய மதிய உணவு, காமராசர் ஆட்சியில் 1956இல் வந்த மதிய உணவுத் திட்டம், 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் ஆகியவற்றை எழுதிக்கொள்ளுங்கள். நான்காவது வரிக்குக் கீழே சிறிது இடம் விட்டுவையுங்கள்.